மூன்றடித் தொட்டிக்கு ஒத்துப்போகும் மீன்கள்

ஜூலை 13, ஞாயிறு

தொட்டி வந்து இறங்கிவிட்டது. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி உயரம், விளிம்பு வரை நிரப்பினால் நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். சாயப்பட்டறையில் இவரோடு வேலை செய்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. முப்பத்தோரு வருஷம் சாய மாஸ்டராக இருந்த மனிதர். மே மாதம் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்த பிறகு, இனி பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுக்காமல் மீன் தொட்டி கொடுக்கலாம் என்று நினைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. நன்றாக இருக்கட்டும்.

யார் எடுத்துப் படித்தாலும் தலையும் வாலும் புரிய வேண்டும் என்பது ஆய்வகப் பழக்கம். அதனால் எழுதிவிடுகிறேன். என் பெயர் துளசிமணி, வயது ஐம்பத்தொன்று. ஈரோட்டில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். இவர் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. போன வருஷம் ஒரு பிள்ளை பாதியில் விட்டுப்போன ரெக்கார்டு நோட்டில்தான் இதை எழுதுகிறேன். முதல் ஏழு பக்கம் அவள் கையெழுத்தில் உப்புப் பகுப்பாய்வு. எட்டாம் பக்கத்திலிருந்து என்னுடையது.

நோக்கம்: பல வகை மீன்கள் சண்டையில்லாமல் ஒன்றாக வாழும் தொட்டி அமைத்தல்.

இவர் இப்போதே ஆரம்பித்துவிட்டார். "ஒரு ஓரத்துல கருப்பு, நடுவுல ஆரஞ்சு, மேல வெள்ளி மினுக்கோணும். கீழ கல்லு மட்டும் சாம்பக் கலரு போட்டுரு" என்கிறார். மீன் என்றால் இவருக்கு நீந்துகிற சாயம். எது எதைக் கடிக்கும், எதற்கு எந்தத் தண்ணீர் ஆகும் என்பதெல்லாம் என் தலையில்.

காலையில் குளிக்கும்போது இடது மார்பின் மேல்பக்கம் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. மொச்சைக்கொட்டை அளவு. வலி இல்லை. மாதவிலக்கு நிற்கிற வயதில் இப்படி வந்து போகும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

தெர்மாமீட்டர் வாங்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

பள்ளி முடிந்ததும் எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரை எடுத்துப் போய்ப் பரிசோதித்தேன். கடினத்தன்மை ஐந்நூற்றுச் சொச்சம். பிள்ளைகளுக்குச் சோதனைக்குக் கொடுக்கிற மாதிரித் தண்ணீர்கூட இவ்வளவு மோசமில்லை. சோப்பு ஏன் நுரைப்பதில்லை என்பது இப்போதாவது எண்ணிக்கையில் தெரிந்தது.

இவர் ஆசைப்பட்ட, நீலக் கோடு மின்னும் நியான் டெட்ராவுக்கு மழைத் தண்ணீர் மாதிரி மென்மையான தண்ணீர் வேண்டும். அது இங்கே தாங்காது. மோலி, பிளாட்டி, கப்பி மூன்றும் உப்புத் தண்ணீருக்கு அஞ்சாதவை. அதைச் சொன்னபோது இவர் முகம் விழுந்துவிட்டது.

"அந்த நீலங் கெடைக்காதா அப்ப?"

"கெடைக்காதுங். நம்ம தண்ணிக்கு எது வருமோ அதத்தானுங் வளர்த்தோணும்."

"நாங்க அந்தத் தண்ணியிலதான் முப்பது வருசமா நீலம் போட்டோம்" என்றார். துணியும் மீனும் ஒன்றா என்று கேட்க வாய் வந்தது. இதயத்தில் தையல் போட்ட மனிதரிடம் வாதம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதிர்ச்சியான சேதி எதையும் ஆறு மாதத்துக்குச் சொல்லக் கூடாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். நியானுக்கே இந்த முகம் என்றால்.

ஜூலை 20, ஞாயிறு

மீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் அமீர்ஜான் பாய். எங்களைப் பார்த்ததும் நேராக வாஸ்து மீனுக்குத்தான் கூட்டிப் போனார். ஒன்பது தங்க மீன், அதில் எட்டு தங்க நிறம், ஒன்று கருப்பு. வீட்டுக்கு வருகிற கண்டமெல்லாம் அந்தக் கருப்பு மீனுக்குப் போய்விடுமாம்.

"அது செத்துச்சுன்னா உங்களுக்கு வர இருந்தது போயிருச்சுன்னு அர்த்தங்கக்கா."

"தங்க மீன் குளிர்ந்த தண்ணி மீனுங்க பாய். ஈரோட்டு வெயிலுக்கு அது எப்படியும் சாகும். அப்ப மாசம் ஒரு கண்டம் போகுமா?" என்றேன்.

பாய் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். அதற்குப் பிறகு வியாபாரப் பேச்சை விட்டுவிட்டு உண்மையாகச் சொல்லிக் கொடுத்தார். ஒரே அளவு மீனாக எடுக்க வேண்டும், வாய்க்குள் போகிற அளவு சின்னது கூடாது. மேல் தண்ணீரில் திரிவது, நடுவில் திரிவது, தரையில் மேய்வது என்று பிரித்து எடுத்தால் இடத்துக்குச் சண்டை வராது. கூட்டமாக வாழ்கிறதை ஆறுக்குக் குறைந்து வாங்கக் கூடாது. தனியாக விட்டால் அது பயத்தில் மற்றதைக் கடிக்கும்.

"எல்லாத்துக்கும் முன்ன, தண்ணியப் பக்குவம் பண்ணுங்க. மீன் இல்லாமயே அஞ்சு வாரம் மோட்டார் ஓடட்டும்."

ஐந்து வாரம். அவசரப்பட்டு எதையும் செய்யக் கூடாது என்பது எனக்கும் சரியாகப் பட்டது. தொட்டி பக்குவமாகி, மீன் விட்டு, இவர் மனசு அதில் ஒட்டிக்கொண்ட பிறகு நான் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். அதற்குள் அது தானாகவே அமுங்கிவிடவும் வாய்ப்பிருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

அம்மோனியா அதிகம். வெப்பம் 28. கட்டி அப்படியே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. காவிரிக்கரையில் கால் வைக்க இடமில்லை என்று டீவியில் காட்டினார்கள். நாங்கள் போகவில்லை. தேங்காய்ப்பால் கொஞ்சமாக வைத்து, இவருக்குச் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். மருந்து குடிப்பதுபோல் குடித்தார்.

சாயங்காலம் ஊரிலிருந்து என் தம்பி போன் செய்தான். எங்கள் ஊர் ஈஸ்வரன் கோயில் குளத்தைத் தூர் வாருகிறார்களாம், சொட்டுத் தண்ணீர் இல்லையாம். அந்தக் குளத்தில் வெல்லம் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மரு, கொப்புளம், உடம்பில் எங்கே கட்டி இருந்தாலும் அச்சு வெல்லத்தை அங்கே தொட்டு எடுத்துக் குளத்தில் விடுவார்கள். வெல்லம் கரைகிற மாதிரி கட்டியும் கரையும் என்று நம்பிக்கை. எனக்கு இதில் ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. எதற்காகப் போட்டாலும் தண்ணீரில் வெல்லம் கரையத்தான் கரையும்.

போனை வைத்ததும் இவர் கேட்டார். "அந்தக் கொளத்துல மீனு இருந்துச்சில்ல?"

"இருந்துச்சுங்."

"மீனு இருக்கிற தண்ணியா இருக்கோணும்பாங்க. அது வாய் வச்சாத்தான் பலிக்குமாம்."

"உங்களுக்கு எங்கீங் மரு இருக்குது இப்ப?"

"சும்மா கேட்டேன்" என்று தொட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தொட்டியில் இன்னும் வெறும் தண்ணீர்தான் ஓடுகிறது. அதையே அரை மணி நேரம் பார்த்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று பட்டியல் முடிவானது. முடிவாவதற்குள் இரண்டு தடவை காபி போட வேண்டியதாகிவிட்டது.

இவருக்கு வரிவரியாக இருக்கிற டைகர் பார்ப் வேண்டும். கூடவே பெரிய சிறகு வைத்த ஏஞ்சல் மீனும் வேண்டும். பார்ப் சும்மா இருக்காது, ஏஞ்சலின் சிறகைக் கொத்திக் கொத்திக் கந்தலாக்கிவிடும். ஏஞ்சலும் சாது இல்லை, வளர்ந்தால் கப்பியை முழுங்கும். பட்டியலிலிருந்து இரண்டையும் அடித்தேன். ஃபைட்டரைக் கேட்டார். ஃபைட்டருக்கு நீள வாலைக் கண்டால் ஆகாது, கப்பிக்கு இருப்பதே அந்த வால்தான். அதையும் அடித்தேன்.

"உம்பட பட்டியல்ல அடிச்சது போக மிச்சம் என்ன இருக்குதுன்னு பாரு. கல்யாணத்துக்குப் பொண்ணுப் பாத்தப்பக்கூட இத்தனை பேரத் தள்ளல எங்கம்மா" என்றார்.

"தள்ளியிருந்தாத் தப்பிச்சிருப்பீங்."

சிரித்தார். நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டுதான் சிரிக்க முடிகிறது இன்னும்.

மிச்சம்: மேலே வரிக்குதிரை டானியோ ஆறு. நடுவில் ஆரஞ்சு பிளாட்டி ஐந்து, ஆண் கப்பி ஐந்து. கருப்பு மோலி நான்கு. தரையில் மேய்வதற்குக் கோரி ஆறு, அதற்காகக் குடிதண்ணீர் மெஷின் தண்ணீரைப் பாதி கலந்துகொள்ளலாம். இவர் கேட்ட கருப்பு, ஆரஞ்சு, வெள்ளி மூன்றும் வந்துவிட்டன. அதைச் சொன்னதும் சமாதானம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முதல் தவணை டானியோ ஆறு. பையோடு கால் மணி நேரம் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றிப் பழக்கி, பிறகு விட்டேன். விட்ட உடனே ஆறும் ஒரே திசையில் ஓடி, கண்ணாடியில் முட்டி, ஒரே நேரத்தில் திரும்பின. இவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். "பட்டறையில நூல் ஓடற மாதிரியே ஓடுது துளசி" என்றார். மே மாதத்துக்குப் பிறகு இவரை இப்படிப் பார்க்கவில்லை.

இன்று சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 30, சனி

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். பிறகு பார்த்தால் நாளை ஞாயிறு.

செப்டம்பர் 7, ஞாயிறு

பிளாட்டி, கப்பி, மோலி எல்லாம் வந்துவிட்டன. பெரிய பிளாட்டி ஒன்று முதல் இரண்டு நாள் எல்லாவற்றையும் விரட்டியது. தொட்டிக்குள் இருந்த கல்லையும் செடியையும் இடம் மாற்றி வைத்தேன். யாருக்கும் பழைய இடம் நினைவில்லாமல் போனதும் சண்டை அடங்கிவிட்டது. பாய் சொல்லிக் கொடுத்த வித்தை. கோரி வந்து தரையில் மூக்கை வைத்துக் கிளறுவதைப் பார்த்தால் பரிட்சை ஹாலில் பேனா தேடுகிற பிள்ளைகள் மாதிரி இருக்கிறது.

இப்போது இருபத்தாறு மீன். சண்டை இல்லை. எட்டு வாரத்தில் இந்த நோட்டில் எழுதிய நோக்கம் நிறைவேறிவிட்டது என்றே சொல்லலாம்.

கட்டி இப்போது கொட்டைப்பாக்கு அளவு இருக்கிறது. தோல் ஒரு இடத்தில் உள்ளே இழுத்த மாதிரித் தெரிகிறது.

சாயங்காலம் இவர் திடீரென்று, "துளசி, நானும் நீயும் ஒருக்கா ஃபுல் செக்கப்புக்குப் போயிட்டு வந்தர்லாமா?" என்றார்.

"உங்களுக்குத்தான் மாசாமாசம் பாக்கறாங்களே. எனக்கு என்னங்?"

"இல்ல, உனக்கும் வயசாச்சில்ல."

"எனக்கு ஒண்ணுமில்லீங். காலாண்டுப் பரிட்ச வருது. பிராக்டிகலுக்கு நான் இல்லீன்னா அங்க ஒரு வேலையும் ஓடாது."

இவர் சரி என்று சொல்லிவிட்டார். இன்னொரு முறை கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 13, சனி

அச்சு வெல்லம் அரைக் கிலோ வாங்கினேன். இவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் வீட்டில் வெல்லம் வாங்குவதே இல்லை. எதற்கு என்று கேட்டார். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாயசம் என்று சொன்னேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இவர் குளிக்கப் போயிருந்தபோது ஒரு காரியம் செய்தேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் இருபத்தாறு வருஷமாக ஆய்வகத்தில் கோட்டு மாட்டி நின்றதற்கு அர்த்தமில்லை.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

தண்ணீர் தெளிவாக இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. காரணம்: உணவு அதிகமானது.

"நாந்தான் தீனியக் கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டேன்" என்று இவரே ஒத்துக்கொண்டார். ஐயோ பாவம் என்று இருந்தது. பாதித் தண்ணீரை மாற்றினேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

மறுபடியும் தண்ணீர் பாலாக இருக்கிறது. மறுபடியும் பாதித் தண்ணீர் மாற்றினேன். டானியோ இரண்டு, கப்பி ஒன்று செத்துவிட்டன. பாய்க்குப் போன் செய்தேன்.

"இது கிருமி பெருகறதுங்கக்கா. சோறு, இனிப்பு, அந்த மாதிரி ஏதாச்சும் உள்ள வுழுந்துச்சா?"

"இல்லீங்க பாய்" என்றேன். பக்கத்திலிருந்த இவரும் "அதெல்லாம் ஒண்ணும் வுழுகல" என்று எனக்குச் சாட்சி சொன்னார்.

சரி, எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு அச்சு வெல்லத்தின் ஓரத்தைக் கிள்ளி, கட்டியில் மூன்று முறை தொட்டு, தொட்டிக்குள் விட்டேன். புளியங்கொட்டை அளவுதான். ஊர்க் குளத்தில் தண்ணீர் இல்லை; என் வீட்டில் தண்ணீரும் இருக்கிறது, மீனும் இருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் எதையும் படிக்காதவளாக இருந்தேன். கோரி ஒன்று வந்து அதை முகர்ந்து பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைத்தான் எழுத மாட்டேன் என்றேன்.

ஆனால் கணக்கு இடிக்கிறது. அந்தத் துணுக்கு தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும், அவ்வளவுதான். இரண்டு முறை பாதித் தண்ணீர் மாற்றிய பிறகு நிச்சயம் தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை என்றால் புதிதாக ஏதோ சேர்ந்துகொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

டப்பாவைத் திறந்து பார்த்தால் வெல்லம் பாதிதான் இருக்கிறது. நான் எடுத்தது ஒரு கிள்ளு. எனக்கு ரத்தம் கொதித்தது.

"வெல்லத்தத் தின்னீங்களா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா. ஆசையா இருந்துச்சு."

"நெஞ்சுல வெட்டித் தச்சு நாலு மாசங்கூட ஆகல. கால் கிலோ வெல்லத்த ஒரு மனுசன் தின்பானா?"

"இனிமே தின்னுல" என்றார். நான் நிறுத்தவில்லை. நீங்கள் போய்விட்டால் நான் என்ன செய்வது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். பிறகு விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன். நூற்று இருபத்தெட்டு. போன வாரத்தைவிடக் குறைவு.

கால் கிலோ வெல்லம் தின்றவருக்கு இந்த அளவு வராது. அப்படியென்றால் வெல்லம் இவர் வயிற்றுக்குள் போகவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

உழவர் சந்தைக்குப் போனவள் பை எடுக்க மறந்து பாதி வழியில் திரும்பி வந்தேன். கதவு திறந்திருந்தது. இவர் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விட்டு நின்றுகொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. வாய் முணுமுணுத்தது. விரலிடுக்கில் பழுப்பாக ஏதோ கரைந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங், என்னங் பண்றீங்?"

கண்ணைத் திறந்தார். கையை எடுக்கவில்லை. எடுத்தால் வேண்டுதல் பாதியில் நின்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, முழுசாகக் கரைகிற வரை அப்படியே நின்றார்.

"வெல்லம்" என்றார்.

"எதுக்குங்?"

"உனக்குத்தான். நீ தூங்கறப்ப உன்ற ஜாக்கெட்டுல தொட்டு எடுத்துட்டு வருவேன். தெனமும் காலையில ஒண்ணு."

கட்டி இருப்பது இவருக்கு எப்படித் தெரியும், எப்போதிருந்து தெரியும் என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நானும் போட்டேனுங்" என்றேன்.

"எப்போ?"

"பதினாலாந் தேதி. ஒரு கிள்ளு."

இவர் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். டானியோ, கப்பி எல்லாம் போய்விட்டன. கோரி ஆறில் ஒன்றுகூட இல்லை. மிச்சமிருந்த கருப்பு மோலி மூன்றும் பிளாட்டி ஒன்றும் மேல் தண்ணீரில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. தண்ணீரும் பார்த்து, அளவும் பார்த்து, குணமும் பார்த்துச் சேர்த்து வைத்த மீன்கள். ஒன்றையொன்று ஒன்றும் செய்யவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக நாங்கள்தான் கொன்றிருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தது அழுகையில் போய் முடிந்தது. இவர் ஈரக் கையோடு என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கரையிலியே துளசி" என்றார். "ரெண்டு வாரமாப் போடறேன். கரையிலியே."

"கரையாதுங். நாளைக்கு டாக்டரப் பாக்கலாமுங்."

செப்டம்பர் 30, செவ்வாய்

நேற்றே படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். இன்று பெரிய டாக்டரம்மா பார்த்தார். மெதுவாகப் பேசுகிறவர். கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, அக்குளில் விரலை வைத்து வெகு நேரம் தேடிவிட்டு, மேசைக்குப் போய் ஃபைலைத் திறந்தார்.

"முதல்ல எப்பம்மா தெரிஞ்சுது?"

"ஜூலை பதிமூணுங்க" என்றேன்.

அதே நேரத்தில் இவர், "ஜூன் ஒம்போது" என்றார்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "ரெண்டுல எது சரி?"

"ஜூன் ஒம்போதுங்க" என்றார் இவர். "ஆபரேசன் முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்த மூணாம் நாளு. என்னால எந்திரிக்க முடியாது. இவதான் ரெண்டு கையும் போட்டு என்னைத் தூக்கி உக்கார வைப்பா. அப்ப என்ற தோள்பட்டையில தட்டுச்சுங்க. கல்லு மாதிரி."

டாக்டரம்மா ஜூன் ஒன்பது என்று எழுதிக்கொண்டார். என்னுடைய தேதியை எழுதவில்லை. ரிப்போர்ட் வரட்டும், ஆனால் அப்போதே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்தால் போதுமாக இருந்திருக்கும் என்றார். குற்றம் சொல்கிற குரலில்லை. அதனாலேயே தாங்க முடியவில்லை.

பஸ்ஸில் இவர் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

இரண்டு நாளாகப் பேசவில்லை. மாத்திரையை எடுத்து மேசையில் வைக்கிறேன், சாப்பாடு போடுகிறேன், அவ்வளவுதான். எனக்கு இவ்வளவு கோபம் வந்து பல வருஷம் ஆகிறது.

இன்று நானே ஆரம்பித்தேன். "தெரிஞ்சும் எப்படீங் கம்முனு இருந்தீங்?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன் புள்ள. உன்ற ஒடம்பு, உனக்குத் தெரியாமயா இருக்கும்? எனக்கு நெஞ்சுக் காயம் ஆறட்டும்னு நீ மறைக்கறே, நாங் கேட்டா நீ இன்னும் தவிப்பேன்னு இருந்துட்டேன். நீயா சொல்லுவே, நீயா சொல்லுவேன்னு தெனமும் பாத்தேன்."

"எனக்குத் தெரியவே தெரியாதுங். அஞ்சு வாரம் எனக்கே தெரியாது. நீங்க வாயத் தொறந்திருந்தா ஜூன் மாசமே போயிருப்பேன்."

இவர் முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டார். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல் அழுதார், அதைப் பார்த்துப் பயந்துபோய் நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

ஜூன் மாசமே போயிருப்பேன் என்று இவரிடம் சொன்னேன். நோட்டில் அப்படி எழுத முடியாது. தெரிந்த பிறகு பதினோரு வாரம் மீனுக்குத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு நாள் பரிட்சை, ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாள் இவர் சிரித்தார். இவர் மனசுக்கு ஆகாது என்பதும் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. இவரைச் சாக்காக வைத்துக்கொண்டேன். இவர் என்னைச் சாக்காக வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 6, திங்கள்

ரிப்போர்ட் வந்துவிட்டது. புற்றுநோய்தான். மார்பு முழுவதும் எடுக்க வேண்டும். அக்குளில் ஒன்றிரண்டு முடிச்சு சந்தேகம், திறந்து பார்த்தால்தான் தெரியும். அதன் பிறகு மருந்து ஏற்றுவார்கள். மற்ற இடங்களுக்குப் போகவில்லை என்று ஸ்கேன் சொல்கிறது. டாக்டரம்மா அந்தப் பெயரைச் சாதாரணமாகச் சொன்னார், நானும் சாதாரணமாகத்தான் கேட்டேன். இவர்தான் "எழுதிக் குடுங்க, எனக்கு மறந்துரும்" என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

மிச்சமிருந்த நான்கு மீனையும் இவரே பாயிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டோம். என்ன ஆயிற்று என்று பாய் கேட்டாராம். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றார். கடைக்கு வந்திருந்தவர்கள் முன்னாலேயேவா என்றேன். ஆமாம் என்றார்.

அக்டோபர் 8, புதன்

ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி. நாளைக் காலை ஏழரைக்கு ஆபரேஷன். நர்ஸ் பிள்ளை ஒருத்தி வந்து வளையலைக் கழற்றச் சொன்னாள், என் பள்ளியில் படித்தவளாம். பிராக்டிகலில் பியூரெட்டை உடைத்ததற்கு நான் திட்டியது நினைவிருக்கிறதாம். எனக்கு நினைவில்லை. பெயர் எழுதிய பட்டையை அவளே என் கையில் கட்டிவிட்டாள்.

மத்தியானம் இவர் டிபன் கேரியரைத் திறந்து, ரசம் சாதத்தைப் பிசைந்து தட்டில் வைத்தார். இவர் பிசைந்து நான் சாப்பிட்டதே இல்லை. உப்பு அதிகம். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி வேன்கள் வருவதும் போவதுமாக இருந்தன. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு தட்டைக் கீழே வைத்தேன்.

"எனக்குப் பயமா இருக்குதுங்."

ஒண்ணும் ஆகாது, கடவுள் இருக்கிறார் என்றெல்லாம் இவர் சமாதானம் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"எனக்கும்" என்றார்.

பயமாக இருக்கிறது. இதை இவரிடம் சொல்லிவிட்டு அப்புறம்தான் இங்கே எழுதுகிறேன்.